செவ்வாய்க் கோளின் மாதத்துக்கு என்ன சொல்? – ‘பாகை மாதம்’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

செவ்வாய்க் கோளின் ஒரு நாளைக் குறிக்கும் ‘சோல்’ என்பதற்குத் தமிழில் ‘செந்நாள்’ என்று முடிவானதில் எனக்கு மனநிறைவு. ‘செவ்வாய் நாள்’ என்று விட்டிருந்தால் கிழமையோடு குழம்பியிருக்கும். 24 மணி 39 நிமிடம் 35 நொடி நீளும் பகலிரவுக்குத் தனிச்சொல் வேண்டியதுதான்.

அங்குள்ள மாதத்துக்குக் குழுவில் வந்திருக்கும் ‘திங்கள்’, ‘இராசி மாதம்’ என்ற இரண்டு யோசனைகளும் வேண்டாம் என்பேன். திங்கள் நிலவை வைத்து எண்ணுவது. அங்கே போபோஸ் என்ற நிலவு 7 மணி 39 நிமிடத்தில் கோளைச் சுற்றி முடித்துவிடுகிறது. அதைக் கொண்டு மாதம் கணக்கிட வழியில்லை.

இராசி மாதம் என்றவர் நெருங்கிவிட்டார். செவ்வாயின் தட்பவெப்பத்தை ஆராய்பவர்கள் ஆண்டின் 668.6 செந்நாட்களைச் சமமாகப் பங்கு போடுவதில்லை. முழுச் சுற்றான 360 பாகையில் (டிகிரியில்), அங்கிருந்து பார்க்கச் சூரியன் 30 பாகை நகர்ந்தால் ஒரு மாதம், அவ்வளவுதான். நம் பஞ்சாங்கமும் அப்படித்தானே? அதனால்தான் ஆனி 32 நாள் வரை போகிறது, மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடுகிறது. செவ்வாயின் பாதை இன்னும் நீண்ட வட்டம் என்பதால் ஏற்றத்தாழ்வும் பெரிது: மூன்றாம் மாதம் ஏறக்குறைய 67 செந்நாள், ஒன்பதாம் மாதம் 46. அந்த ஒன்பதாவதில்தான் கோள் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமெடுக்கிறது. ஆனால் நம் மேஷம் விண்மீன்களைக் கொண்டு தொடங்குவது. அங்கே கணக்கு தொடங்குவது வடபாதியின் வசந்தச் சமநாளில், அதாவது வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில். இராசி என்றதும் படிப்பவர் மனம் விண்மீன் கூட்டத்துக்குப் போய்விடும்.

சித்திரை, தை என்ற பெயர்களை அப்படியே வைக்கலாம் என்ற யோசனைக்கு, பூமியின் தென்பாதியில் உள்ள மொரிசியசிலிருந்து என் மறுப்பு. தை முன்பனிக்காலம் என்று பாடநூல் சொல்லும். இங்கே தைப்பூசக் காவடி கொளுத்தும் கோடையில், புயல் பருவத்தின் நடுவில் வருகிறது. கத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குக் காவடி எடுப்பவர்கள் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கும்போது, சூடு தணிய ஓரத்து வீட்டார் குழாயைப் பிடித்துச் சாலையை நனைப்பார்கள். பெயரிலேயே பருவத்தை ஏற்றினால் தென்பாதிக்காரர்களுக்கு ஒட்டாது. செவ்வாயிலும் அதே கதைதான்: பெர்சிவரன்ஸ் ஆய்வூர்தி இறங்கிய எசெரோ பள்ளம் நடுக்கோட்டுக்கு வடக்கே, கியூரியாசிட்டி ஆய்வூர்தி இறங்கிய கேல் பள்ளம் தெற்கே. ஒரு பாதியில் வசந்தம் பிறக்கும்போது மறுபாதியில் கூதிர்.

ஆகவே ‘பாகை மாதம்’. பெயருக்குப் பதில் எண்: ‘9ஆம் பாகை மாதம், 12ஆம் செந்நாள்’. எந்தப் பாதியில் இருப்பவரும் தயங்காமல் எழுதலாம்.

தாமஸ் கங்கேல் 1985இல் செவ்வாய்க்காக உருவாக்கிய டேரியன் நாட்காட்டியைச் சுட்டியவருக்கு: அதன் 24 மாதங்களும் 27 அல்லது 28 செந்நாள்தான் என்பதால் வெறும் ‘மாதம்’ போதும். சம்பளத்துக்கும் விடுமுறைக்கும் அதுவே வசதி. தூசிப்புயல் எப்போது வரும் என்று பருவத்தைப் பேசுகிறவருக்குத்தான் பாகை வேண்டும்.

இனி ‘பாகைமாதம்’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? பிரித்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிது என்று நினைக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.