மறுமொழி: நெஞ்சறைச் சீழ் – வடிகுழாயா, நோக்கி அறுவையா? கலைச்சொல் தேவை

> 'சாவித்துளை அறுவை' என்றே போட்டுவிடலாமே. பத்திரிகைகளில் பழகிய சொல்தானே?

வணக்கம் ஐயா. பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நோயாளிகளுக்கான இந்தக் கையேட்டில் நெஞ்சறைச் சீழுக்கு (எம்பயீமா, அதாவது நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் இடையே கட்டும் சீழ்) இரண்டு சிகிச்சைகளை அருகருகே வைக்கிறோம். குழாய் போடுவதற்கும் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு துளைதான்; கேமரா விட்டுச் செய்யும் அறுவைக்கும் ஒன்றிலிருந்து மூன்று துளைகள்தான். "ரெண்டுமே ஓட்டைதானே, இதுக்கு மட்டும் எதுக்கு மயக்க மருந்து?" என்றுதான் நோயாளி கேட்பார்.

குழாய் போட்டால் சீழ் தானாக வடிய வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் குழாயை நுழைத்து, மறுமுனையைப் பாட்டிலில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். மூச்சுக்கு மூச்சு குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்கும். அசையாமல் நின்றால், வார்டில் நர்ஸ் முதலில் இருமச் சொல்வார். குழாய் அடைத்திருக்கலாம், நுரையீரல் முழுதாக விரிந்தும் இருக்கலாம். சீழ் நீர்த்திருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். நாளானால் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் படிந்து, தேனடை மாதிரி அறை அறையாகத் தடுத்துவிடும். அப்புறம் குழாய் இருக்கும் அறை மட்டும் வடியும், மற்றவை அப்படியே கிடக்கும்.

கேமரா அறுவையில் அந்தத் தடுப்புகளைப் பார்த்தே உடைத்து, சீழை உறிஞ்சி, நுரையீரலை விரியவிடாமல் மூடியிருக்கும் ஆடை போன்ற படலத்தை உரித்தெடுக்கிறார்கள். அதனால் 'நோக்கி' சொல்லில் வந்தாக வேண்டும். தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் 'நெஞ்சறைநோக்கி அறுவை'. மற்றதற்கு 'நெஞ்சறை வடிகுழாய்'. வெறும் 'குழாய் சிகிச்சை' சரிவராது. அறுவை முடிந்த பிறகும் ஒரு குழாய் வைத்துத்தான் வார்டுக்கு அனுப்புவார்கள்.

> எம்பயீமாவுக்கு 'நுரையீரல் சீழ்' போதாதா?

போதாது, ஆபத்தும்கூட. நுரையீரலுக்கு உள்ளேயே திசு அழுகிச் சீழ் கட்டுவது வேறு நோய். அதற்குப் பெரும்பாலும் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தே சரிசெய்கிறார்கள். நாம் பேசுவது நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் இடையே, இரண்டு உறைகளுக்கு நடுவில் கோத்துக்கொள்ளும் சீழ். 'மார்புச் சீழ்' என்றால் பால் கொடுக்கும் தாய்மாருக்கு வரும் மார்பகக் கட்டியோடு குழம்பிவிடும். 'நெஞ்சறைச் சீழ்' இருக்கட்டும்.

> எது சிறந்தது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டால் என்ன?

அவ்வளவு சுலபமில்லை அம்மா. அறுவையையும் அறுவையில்லா வழியையும் ஒப்பிட்ட எட்டு ஆய்வுகளை 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு திரட்டியது. இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நோக்கி அறுவை செய்தவர்கள் மருத்துவமனையில் இருந்த நாட்கள் குறைந்திருக்கலாம் என்ற அளவில்தான் முடிவு. ஆய்வுகளும் சிறியவை. முதல் நாளே எல்லோருக்கும் அறுவை என்று எழுத எனக்குக் கை வராது. குழாய் போட்டும் காய்ச்சல் இறங்காமல், ஸ்கேனில் சீழ் குறையாமல் இருந்தால் அறுவை மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது என்று எழுதுவேன்.

இன்னொரு சிக்கல், மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 2011-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் டிபிஏ, டிஎன்ஏஸ் என்ற இரண்டு மருந்துகளைக் குழாய் வழியே சேர்த்துக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்த வெண்படலம் கூடுதலாகக் குறைந்தது, அறுவைக்கு அனுப்பவேண்டியவர்களும் குறைந்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. டிபிஏ இழைகளைக் கரைக்கிறது. டிஎன்ஏஸ் செத்த செல்களின் டிஎன்ஏவை வெட்டிச் சீழின் கொழகொழப்பைக் குறைக்கிறது. இங்கே முன்பு வந்த 'இழைகரைப்பு' என்ற சொல் இதில் பாதியைத்தான் சொல்லும். 'குழாய்வழிக் கரைப்பு' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். மருந்தியல் பக்கம் இருப்பவர்கள் இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லுங்களேன்.