பிடிஎஃப் கடிதத்தைச் சேர்த்தால் தனி ஸ்டடியாக விழுகிறது, கொழும்புக்கும் போகவில்லை

வலிகாமத்தான்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஸ்கான் நிலையத்தில் சிடி பகுதியில் வேலை. கணனி படித்தவன் இல்லை, ஆனால் சர்வர் படுத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

படங்கள் ஓர்தாங்க் என்ற படச் சேமிப்பு சர்வரில் ஏறுகின்றன. பகலில் எடுக்கும் சிடியை இரவில் கொழும்பிலிருந்து ஒரு றேடியோலஜிஸ்ட் பார்த்து றிப்போர்ட் எழுதுகிறார். வெறும் படம் அவருக்குக் காணாது. டொக்டர் எழுதிய துண்டு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) முடிவு, பழைய ஸ்கான் றிப்போர்ட் எல்லாம் கேட்பார். நெடுந்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வருகிற சனம் பொலித்தீன் பை நிறையக் கடதாசி கொண்டுவரும். அவற்றை ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆக்கி, அதை டிகாம் கோப்பாக (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) மாற்றி அனுப்புகிறேன். ஆனால் அது சிடியோடு சேராமல், அதே பெயரில் இன்னொரு ஸ்டடியாக (ஒரு பரிசோதனையின் முழுத் தொகுப்பு) பட்டியலில் நிற்கிறது. அதைவிட, கொழும்புக்கு சிடி போகிறது, இந்தக் கோப்பு மட்டும் போக மறுக்கிறது. எக்கோ (இணைப்புச் சோதனை) அடித்துப் பார்த்தால் எல்லாம் சரி என்கிறது. தமிழில் தலைப்புப் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள். யாராவது வழி சொல்லுங்கோ.

பனங்காய்ப் பணியாரம்:
டிகாமாக மாற்றுவது எதனால்? நோயாளியின் விபரத்தைக் கையால் அடிக்கிறீர்களா?

வலிகாமத்தான்:
ஓம். விண்டோஸில் ஓடும் ஒரு இலவச மாற்றி. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சிடியில் உள்ளபடியே அடிக்கிறோம், எழுத்துக்கு எழுத்து சரி பார்க்கிறோம். அப்படியிருந்தும் சேரவில்லை.

கொக்குவில் அக்கா:
தம்பி, நீங்கள் எவ்வளவு கவனமாக அடித்தாலும் அது சேராது. பெயரும் இலக்கமும் ஒன்றாக இருந்தால் "இது அதே ஆள்" என்றுதான் சர்வருக்குத் தெரியும். அதே ஸ்டடி என்று தெரிவது ஸ்டடி இன்ஸ்டன்ஸ் யூஐடி என்ற நீண்ட இலக்கத்தால். சிடி எடுக்கும்போது அந்த இலக்கம் படங்களுக்குள் பதிந்துவிடுகிறது. உங்கள் மாற்றி ஒவ்வொரு தடவையும் தானே புதிதாக ஒன்றை உருவாக்கிப் போடுகிறது. புது இலக்கம் என்றால் புது ஸ்டடி.

ஆகவே விபரத்தை அடிப்பதையே விட்டுவிடுங்கோ. ஏற்கனவே உள்ள சிடி படம் ஒன்றிலிருந்து அப்படியே எடுக்க வையுங்கோ. டிசிஎம்டிகே என்ற இலவசத் தொகுப்பில் பிடிஎஃப்பை டிகாமாக மாற்றும் கருவி உண்டு. அதில் "ஸ்டடி ஃப்ரம்" என்ற தெரிவுக்கு ஒரு சிடி கோப்பைக் காட்டினால் நோயாளி விபரம், ஸ்டடி விபரம் இரண்டையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சீரிஸ் (ஸ்டடிக்குள் இருக்கும் ஒரு பகுதி) இலக்கம் மட்டும் புதிதாக இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

உங்களிடம் ஓர்தாங்க் இருப்பதால் அதைவிடச் சுருக்கமான வழி உண்டு. அதன் "கிரியேட் டிகாம்" கட்டளைக்கு பிடிஎஃப்பைக் கொடுத்து, "பேரன்ட்" என்ற இடத்தில் அந்த ஸ்டடியின் ஓர்தாங்க் அடையாளத்தை வையுங்கோ. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஸ்டடியின் அடையாளம்தான், நோயாளியின் அடையாளம் அல்ல. அந்த இடத்தில் நோயாளியை வைத்தால் திரும்பவும் புது ஸ்டடிதான் பிறக்கும். கட்டளை எல்லாம் சரிவராது என்றால் ஓர்தாங்கை உலாவியில் பாவிக்கும் ஓர்தாங்க் எக்ஸ்ப்ளோரர் 2 போட்டுப் பாருங்கோ. அதில் ஸ்டடிக்குள் சீரிஸ் சேர்க்கிற வசதி உண்டு, பிடிஎஃப்பும் ஏற்றலாம், படமும் ஏற்றலாம்.

இன்னொன்று. ஸ்டடியைப் பெயரால் தேடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை சிவகுமார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும், ஆங்கிலத்தில் ஒருவர் எச் போட்டு எழுதுவார், மற்றவர் போடமாட்டார். அடையாள அட்டையையும் முழுதாக நம்ப முடியாது. 2016இலிருந்து 12 இலக்கம், அதற்கு முன் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். பழைய அட்டையோடு வந்தவர் அடுத்த முறை புது அட்டையோடு வந்தால் சர்வருக்கு அவர் வேறு ஆள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனியாகக் கொடுக்கும் அக்செஷன் இலக்கத்தால் தேடுங்கோ, டிகாமில் அதன் குறியீடு (0008,0050). ஒருவரின் கிரியேட்டினின் இன்னொருவரின் சிடியில் ஒட்டிக்கொண்டால் கேள்விக்குறி வருவதைவிடப் பெரிய வில்லங்கம்.

சும்மா ஒருவன்:
இவ்வளவு பாடு எதற்கு? போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கோ. எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

கொக்குவில் அக்கா:
செய்கிறார்கள்தான். றேடியோலஜிஸ்ட் ஒரே இரவில் பல இடத்துப் படங்களைப் பார்க்கிறார். எந்தக் கடிதம் எந்தப் படத்துக்கு என்று போனைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருப்பாரா? ஆறு மாதம் கழித்து அந்த நோயாளி திரும்ப வரும்போது கடிதம் யாருடைய போனில் கிடக்கும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

வலிகாமத்தான்:
அக்கா, கிரியேட் டிகாம் வேலை செய்கிறது! சிடி சீரிஸ்களுக்குக் கீழே கடிதமும் ஒரு சீரிஸாக வந்து நிற்கிறது, வீசிஸ் என்ற வியூவரில் (படம் பார்க்கும் மென்பொருள்) திறந்தும் பார்த்தேன். ஆனால் கொழும்பு இன்னும் அசையவில்லை. சர்வரின் பதிவேட்டில் "ப்ரசென்டேஷன் கான்டெக்ஸ்ட்" ஏற்கப்படவில்லை என்று ஏதோ எழுதியிருக்கிறது.

சுன்னாகம் அண்ணை:
அந்த வரியிலேயே விடை இருக்கிறது. எக்கோ என்பது "இருக்கிறீரா?" "இருக்கிறேன்" அவ்வளவுதான். படம் அனுப்பத் தொடங்கும்போது இரண்டு பக்கமும் என்ன வகைப் பொருள் வரப்போகிறது என்று முதலில் பேசிக்கொள்ளும். சிடி படம் ஒரு வகை, பொதிந்த பிடிஎஃப் வேறு வகை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். உங்கள் பிடிஎஃப்பின் வகை இலக்கம் 1.2.840.10008.5.1.4.1.1.104.1. கொழும்பில் உள்ள மென்பொருளின் ஏற்பு வகைகளில் இது இருக்கிறதா, இல்லாவிட்டால் சேர்க்க முடியுமா என்று கேளுங்கோ. சில இடங்களில் அமைப்பில் ஒரு வரி சேர்ப்பதோடு முடிந்துவிடும்.

முடியாது என்றார்கள் என்றால் பிடிஎஃப்பை விட்டுவிட்டுப் பக்கங்களைப் படமாக்கி அனுப்புங்கோ. செகண்டரி கப்ச்சர் என்ற வகை அது, 1.2.840.10008.5.1.4.1.1.7. பழைய வியூவரும் பெரும்பாலும் இதை ஏற்கும். அதே கிரியேட் டிகாம் கட்டளைக்கு பிஎன்ஜி படம் கொடுத்தால் போதும். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு படம், ஆகவே கிளினிக் கொப்பி முழுவதையும் ஏற்றாதீர்கள், தேவையான பக்கத்தை மட்டும் எடுங்கோ.

அளவையும் பாருங்கோ. ஒரு ஏ4 பக்கத்தை 200 டிபிஐயில் நிறத்தோடு ஸ்கான் செய்தால் 1654 × 2339 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட 11.6 எம்பி. அதையே சாம்பல் நிறத்தில் எடுத்தால் 3.9 எம்பி. 150 டிபிஐ சாம்பல் என்றால் 2.2 எம்பிக்குள் அடங்கும், டொக்டரின் கையெழுத்து அதிலும் வாசிக்க வரும். வராவிட்டால் 600 டிபிஐயிலும் வராது.

வலிகாமத்தான்:
அண்ணை, அவர்களைக் கேட்டேன். பிடிஎஃப் எடுக்காதாம், மென்பொருள் பழையது. சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் அனுப்பினேன், உடனே போய்ச் சேர்ந்தது. இரண்டே இரண்டு கேள்வி மிச்சம்: அந்தத் தமிழ்க் கேள்விக்குறி, மற்றது ஏற்கனவே தனித்தனியாக விழுந்து கிடக்கும் பழைய கடிதங்கள்.

கொக்குவில் அக்கா:
உங்கள் சிடி இயந்திரம் எழுதும் எழுத்துத் தொகுதியைப் பாருங்கோ, (0008,0005). பெரும்பாலும் ஐஎஸ்ஓ ஐஆர் 100 இருக்கும். அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது, தமிழுக்கு அதில் இடமே இல்லை. தமிழ் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ ஐஆர் 192, அதாவது யூடிஎஃப்-8 வேண்டும். ஆனால் ஸ்டடியோடு சேர்க்கும்போது ஓர்தாங்க் சிடி படத்தின் எழுத்துத் தொகுதியையே பின்பற்றும். இதற்காகச் சண்டை பிடிக்காமல் சீரிஸ் விபரத்தில் கடிதமா, கிரியேட்டினினா, பழைய றிப்போர்ட்டா என்று ஆங்கிலத்தில் போடுங்கோ. 64 எழுத்துக்குள் இருக்கட்டும். பட்டியலில் றேடியோலஜிஸ்ட் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுதான். கடிதத்துக்குள் இருக்கும் தமிழுக்கு ஒன்றும் ஆகாது.

பழையவற்றுக்கு ஓர்தாங்கில் "மேர்ஜ்" உண்டு. தனித்து நிற்கும் ஸ்டடியின் சீரிஸை உரிய ஸ்டடிக்குள் கொண்டுபோய்விடும். அதைத் தானியங்கியாக ஓட விடாதீர்கள். ஒவ்வொரு கடிதத்தையும் திறந்து பெயர், வயது, திகதி பார்த்த பிறகு செய்யுங்கோ. மூலத்தை உடனே அழிக்காமல் வைத்திருக்கும் தெரிவும் இருக்கிறது, முதலில் அதைப் பாவியுங்கோ.

சுன்னாகம் அண்ணை:
கிரியேட்டினின் துண்டைப் பொலித்தீன் உறையோடு ஸ்கானரில் வைக்காதீர்கள். மினுங்கல் அடித்துத் திகதி மறைந்துவிடும். திகதி தெரியாத கிரியேட்டினினை நம்பி அவர் ஒன்றும் எழுதமாட்டார், திரும்ப உங்களுக்குத்தான் போன் வரும்.