மறுமொழி: நிழல்தொடர்தல் வேண்டாம், கண்பழக்கம் என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். முக அழகு ஊசிச் சிகிச்சையைக் கற்க வருகிறவர்கள் கைதேர்ந்த ஒருவரின் அருகில் நின்று பார்த்துப் பழகும் முறைக்கு (ஆங்கிலத்தில் shadowing) தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்கியவன் நான். எழுதிக்கொண்டிருக்கும் பயிற்சிக் கையேட்டில் மூன்றாம் இயலுக்கு இன்னும் தலைப்பு அமையவில்லை. இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் உழைப்புக்கு நன்றி. ஆனாலும் வந்த சொற்களில் எதையும் அப்படியே ஏற்க மனம் ஒப்பவில்லை.

> நிழல்போலத் தொடர்கிறார் என்று நாம் சொல்வதுதானே? நிழல்தொடர்தல் என்றே வைத்துவிடலாம்.

ஐயா, நிழல்போலத் தொடர்வது நம் வழக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படித் தொடர்கிறவர் பெரும்பாலும் மெய்க்காவலர், இல்லையென்றால் வேவுகாரர். ஒருவரின் நிழலில் இருக்கிறார் என்றால் அவருடைய ஆதரவில் இருக்கிறார் என்று பொருள். இந்த இரண்டிலும் கற்றல் இல்லை. அதைவிட முக்கியமான குறை, நிழலுக்குக் கண் கிடையாது. நாம் பெயர் தேடுவதோ முழுக்க முழுக்கக் கண் செய்யும் வேலைக்கு.

உற்றுநோக்கல் நல்ல சொல். ஆனால் அது பள்ளி அறிவியல் பாடநூலில் வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது. சோதனையை உற்றுநோக்குகிறவர் அந்தச் சோதனைக்கு வெளியே நிற்கிறார், நாளை அதே கைவேலையைச் செய்யப் போகிறவர் என்ற குறிப்பு அதில் இல்லை. அவதானிப்புக்கும் இதே குறைதான்.

கண்பயிற்சி என்று எழுதிய அம்மையாருக்கு: சொல்லின் வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் விழியை இடமும் வலமும் உருட்டும் உடற்பயிற்சிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. தலைப்பைப் பார்க்கிறவர் கண் மருத்துவம் என்றே நினைப்பார்.

இனி, பெயரிடப்போகும் செயலைச் சற்று அருகில் காட்டுகிறேன். இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது உதவும்.

புருவமத்தியில் கோடு விழுந்த ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். மருத்துவர், “கோபம் வந்ததுபோல் முகத்தைச் சுளியுங்கள்” என்கிறார். பிறகு “விடுங்கள்” என்கிறார். மீண்டும் சுளிக்கச் சொல்கிறார். புதிதாக வந்தவர் ஊசி எப்போது வெளியே வரும் என்று மருந்துத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாடமோ அந்த நெற்றியில் நடந்துகொண்டிருக்கிறது: சுளிக்கும்போது தசை எங்கே புடைக்கிறது, எங்கே தோல் குழிகிறது, ஒரு புருவம் மற்றதைவிடத் தாழ்ந்து இறங்குகிறதா என்று. பிறகு வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளிகள். இடக்கைப் பெருவிரல் கண்குழியின் மேல்விளிம்பு எலும்பில் அழுந்தி நிற்கிறது. ஊசி பிடித்த கையின் சுண்டுவிரல் நெற்றியில் ஊன்றியிருக்கிறது. அமர்ந்திருப்பவர் திடுக்கிட்டால் கையும் தலையோடு சேர்ந்தே அசையும், ஊசியின் ஆழம் மாறாது.

கையேட்டில் எழுத வருவது இவ்வளவுதான்: தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்தான போட்டுலினத்தின் பரவலாகப் பயன்படும் ஒரு தயாரிப்பில், 100 அலகுக் குப்பியில் 2.5 மி.லி. உப்புநீர் கலந்தால் 0.1 மி.லி.யில் 4 அலகு இருக்கும். ஐந்து இடங்களில் 4 அலகு வீதம் மொத்தம் 20 அலகு. ஒரு தயாரிப்பின் அலகு இன்னொன்றுக்குப் பொருந்தாது என்ற எச்சரிக்கையும் உண்டு. இதை அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். சுண்டுவிரலையோ நான் முதல் வரைவில் எழுதவே இல்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. பல ஆண்டுகளாகக் கை தானாகவே செய்வதால், செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அருகில் நின்று பார்த்த ஒரு மாணவி கேட்ட பிறகுதான் அது என் எழுத்துக்குள் வந்தது.

நான் கற்ற காலத்தில் என்னை இரண்டு நாள் ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் ஊசிமுனையையே பார்த்தேன். பின்னர் நானே சிகிச்சை செய்யத் தொடங்கியபோது, முதல் சிலரில் ஒருவருக்கு வலது இமை தொய்ந்துவிட்டது. புருவத்துக்கு மேலே நிற்க வேண்டிய மருந்து கீழே பரவி, இமையைத் தூக்கும் தசையைத் தளர்த்தியிருந்தது. சில வாரங்களில் சரியானது என்றாலும் அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. எலும்பு விளிம்பில் அழுந்தி நின்ற பெருவிரல் அந்த இரண்டு நாளும் என் கண்முன்னேதான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கும் கண் அப்போது என்னிடம் இல்லை. இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மடல் எழுதுவது அதனால்தான். பெயர் சரியாக இருந்தால், நிற்கிறவர் எதற்காக நிற்கிறார் என்பது முதல் நாளே விளங்கும்.

ஒரு மடலில், எவர் வேலையையும் பார்த்துக் கற்பதுதானே, தச்சருக்கும் ஓவியருக்கும் இல்லாத தனிச்சொல் இதற்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. தச்சரின் இழைப்பு அங்கேயே தெரிகிறது. போட்டுலினம் ஊசி போட்ட அன்று முகத்தில் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்தே தசை தளரத் தொடங்கும். முழுப் பயனைப் பார்க்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். மூன்று, நான்கு மாதத்தில் மெல்ல மறையும். ஊசி போடும் நாளில் மட்டும் உடனிருந்துவிட்டுப் போகிறவர் பாதிப் பாடம்தான் பார்த்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்துச் சிகிச்சை பெற்றவர் திரும்பி வரும்போது, ஒரு புருவம் மட்டும் மேலேறி நிற்கிறதா என்று பார்ப்பதும் இதில் அடங்க வேண்டும்.

தோலுக்கடியில் செலுத்திக் குழிவை நிரப்பும் நிரப்பிகளில் நிலைமை தலைகீழ். அவற்றில் ஒன்றான ஹையலூரானிக் அமிலம் உள்ளே போனவுடனேயே வடிவம் தெரிகிறது, ஆபத்தும் உடனேயே வரலாம். இரத்தக் குழாய்க்குள் அது போய்விட்டால் தோல் வெளிறும் அல்லது வலைபோலத் திட்டுத்திட்டாக நிறம் மாறும். விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு திரும்பத் தாமதமாகும். கண்ணுக்குப் போகும் குழாய்வரை அடைப்பு சென்றால் பார்வையே போய்விடலாம். அந்த அமிலத்தைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கற்பிக்க முடியும். வெளிறியதற்கும் இயல்பான நிறத்துக்கும் உள்ள மெல்லிய வேறுபாட்டை, வெவ்வேறு தோல் நிறங்களில், பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

அழகுக்காகப் போட்டுலினம் போடும் முறை பரவியதே ஒரு கவனிப்பால். ஜீன் கரூதர்ஸ் கண் மருத்துவர். இமைத் துடிப்புக்கு அவரிடம் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், புருவமத்தியிலும் போடும்படி வற்புறுத்தினார். அங்கே போட்டால் முகம் தெளிந்து தெரிகிறது என்பது அவருடைய காரணம். கரூதர்ஸ் அதைக் கடந்துவிடவில்லை. தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் ஆராய்ந்து 1992-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆகவே என் முன்மொழிவு. இத்தனை நாளும் நாம் இரண்டு பொருளை ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று ஏற்பாடு: அறைக்குள் அனுமதி, எத்தனை நாள், தொடக்கூடாது என்ற விதி. அதற்கு உடனிருந்து கற்றல் போதும், புதுச்சொல் தேவையில்லை. மற்றது அந்த ஏற்பாட்டால் கற்பவரிடம் வளரும் திறன். அதற்கு கண்பழக்கம்.

ஔவையாருடையதாக வழங்கும் தனிப்பாடல் சித்திரத்தைக் கைப்பழக்கம் என்கிறது, செந்தமிழை நாப்பழக்கம் என்கிறது, கல்வியை மனப்பழக்கம் என்கிறது. அந்த வரிசையில் கண்ணுக்கு ஓர் இடம் காத்திருப்பதுபோல இருக்கிறது. “அவருக்குக் கைப்பழக்கம் உண்டு, கண்பழக்கம் போதாது” என்று பயிற்றுநர் ஒருவர் சொன்னால் விளக்கம் இல்லாமலே புரியும். பழக்கம் என்றால் இன்று விட முடியாத வழக்கம் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லக்கூடும். கைப்பழக்கம் என்ற சொல்லுக்கு அந்த நிழல் படியவில்லை, இதற்கும் படியாது என்று நம்புகிறேன்.

இலக்கணம் தெரிந்தவர்கள் அடுத்துக் கேட்கப்போவதும் தெரியும். நன்னூல்படி வேற்றுமைப் புணர்ச்சியில் ணகரம் டகரமாகும், கட்புலன் என்பதுபோல இதுவும் கட்பழக்கம் ஆக வேண்டும். ஆனால் கள் என்ற சொல்லும் வல்லினத்தின் முன் கட் என்றே ஆகும். கட்பழக்கம் என்று எழுதினால் படிக்கிறவர் மனம் மதுவை நோக்கிப் போகும். கண்பார்வையும் கண்காட்சியும் இயல்பாகவே நிலைத்திருக்கின்றன. அந்த வழக்கைப் பின்பற்றிக் கண்பழக்கம் என்றே விட்டுவிட வேண்டுகிறேன். இதில் மாற்றுக்கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

இன்னும் ஒன்றில் எனக்கு உங்கள் உதவி தேவை. உடனிருந்து கற்கும் அந்த ஆளை என்னவென்று அழைப்பது? உடனிருப்பவர் என்றால் நோயாளிக்குத் துணையாக வந்தவர் என்றாகிவிடும். பார்வையாளர் என்றால் நலம் விசாரிக்க வந்தவர். இது வெறும் கையேட்டுச் சிக்கல் இல்லை, ஒப்புதல் படிவத்தில் அச்சாகப் போகிற சொல். சிகிச்சைக்கு வருகிறவர் அதைப் படித்து, அறையில் யார் நிற்கப்போகிறார் என்று அறிந்து, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். இப்போதைக்கு இப்படி எழுதிவைத்திருக்கிறேன்:

“இன்று உங்கள் சிகிச்சையின்போது, இந்தச் சிகிச்சையைக் கற்றுவரும் ஒருவர் அருகில் நின்று பார்ப்பார். அவர் உங்களைத் தொடமாட்டார், ஊசி போடமாட்டார். வேண்டாம் என்று நீங்கள் எப்போது சொன்னாலும் வெளியே சென்றுவிடுவார். அதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது.”

‘கற்றுவரும் ஒருவர்’ என்ற இடத்தில் ஒரே சொல் வைக்க முடியுமா? கண்ணாடி இல்லாமல் அவசரமாகப் படிக்கிறவருக்கும் விளங்க வேண்டும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்