ஒப்பிலக்கியம்: பட்டியல் எப்போது ஒப்பீடாகிறது?

வினா

முதுகலை முதலாண்டில் ஒப்பிலக்கியத்தை ஒரு தாளாகப் படிக்கிறேன். வான்மீகத்தையும் கம்பராமாயணத்தையும் எடுத்துக்கொண்டு, ஒற்றுமைகள் 14, வேற்றுமைகள் 9 என வரிசைப்படுத்திக் கட்டுரை எழுதினேன். ஆசிரியர் ஓரத்தில் "இது பட்டியல், ஒப்பீடு அன்று" என்று குறித்துத் திருப்பித் தந்துவிட்டார். ஒரு வாரமாக யோசித்தும் வேறுபாடு பிடிபடவில்லை. வடமொழி அறியாத நான் இவ்வொப்பீட்டைச் செய்வது தகுமா என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது.

மறுமொழி 1

அந்த ஒன்பதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது காப்பியத்தின் பிற பகுதிகளை என்ன செய்கிறது என்று பின்தொடருங்கள். சீதையைக் கவரும் இடத்தையே பாருங்கள். வான்மீகியின் இராவணன் இடக்கையால் கூந்தலையும் வலக்கையால் தொடைகளையும் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணனோ, விரும்பாத பெண்ணைத் தீண்டினால் அழிவு நேரும் என்ற அயன் (பிரமன்) உரையை நினைந்து அவளைத் தீண்டாமல், "கீண்டான் நிலம்" (நிலத்தைப் பிளந்தான்) என்றபடி, குடிலை மண்ணோடு பெயர்த்தெடுக்கிறான். இதை வேற்றுமை என்று குறித்துவிட்டு நகர்ந்தால் பட்டியல்தான். ஆனால் வான்மீகியின் சீதை, தீப்புகுமுன், தன் உடல் தீண்டப்பட்டது தன் வசமிழந்த நிலையில் என்று வாதிடுகிறாள்; கம்பனின் சீதைக்கு அந்த வாதத்துக்கே இடமில்லை, இருந்தும் அவளும் தீயில் இறங்க நேர்கிறது. அப்படியானால் கம்பனில் அந்தத் தீ எதைச் சோதிக்கிறது? நானாக இருந்தால் முழுக் கட்டுரையையும் இந்த ஒரு கேள்வியின்மேல் எழுதுவேன்.

மறுமொழி 2

மேலே சொன்னது மிகச் சரி. இரு நூல்களுக்கும் இடையிலுள்ள உறவையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வடமொழியில் இக்கதையைச் செய்தவர்களுள் முதல்வரின் வழியில் பாடுவதாகக் கம்பனே சொல்லிவிடுவதால், உங்களுடையது தாக்கமும் ஏற்பும் பற்றிய ஆய்வு, அதாவது முந்தைய நூலிலிருந்து பிந்தையது எதை, எப்படி எடுத்துக்கொண்டது என்று பார்ப்பது. பிரெஞ்சு ஒப்பிலக்கிய அறிஞர்கள் பெரிதும் வற்புறுத்திய வழி அது. தொடர்பே இல்லாத இலக்கியங்களையும் ஒப்பிடலாம். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்து ஆராய்ந்த க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அங்கே கடன் வாங்கியது யார் என்ற கேள்விக்கு இடமில்லை, பாணர் மரபும் வாய்மொழி ஆக்கமும் எவ்வாறு ஒத்த வடிவங்களைத் தருகின்றன என்பதே கேள்வி. கடன் கணக்குப் பார்ப்பதோடு நின்றுவிடும் ஆய்வை ஒப்பிலக்கிய அறிஞர் ரெனே வெல்லெக் 1958இலேயே கடுமையாக மறுத்துப் பேசினார். எனக்கும் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது.

மறுமொழி 3

மொழி பற்றி: கதைப்போக்கு, பாத்திரம், காட்சியமைப்பு ஆகியவற்றை நம்பத்தக்க மொழிபெயர்ப்பை வைத்து ஒப்பிடலாம், எந்த மொழிபெயர்ப்பு என்பதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். சொல்லாட்சி, யாப்பு, ஓசை பற்றி மட்டும் வான்மீகி மீது தீர்ப்புக் கூறாதீர்கள். கம்பனிடத்தில் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. "கீண்டான்" என்ற ஒரு சொல்லின் வன்மையைப் பற்றியே ஒரு பத்தி எழுதலாம்.

வினவியவர்

மூவருக்கும் நன்றி. மீட்சிப் படலத்தை இன்றிரவே மறுபடி படிக்கிறேன்; தீப்புகுமுன் சீதை பேசும் பாடல்களை நான் முதல்முறை புரட்டிக்கொண்டே போய்விட்டேன்.