நம்ம குடும்பம் குழு: சுகர் கிட்னிக்கு எப்படிப் போகுது?

சித்தப்பா: ஒரு சந்தேகம். ரத்தம் எல்லா இடத்துக்கும் ஒண்ணுதான். சுகர் ஏறினா கிட்னி அடி வாங்குற மாதிரி தசை ஏன் வாங்கறதில்ல?

மீனா: ரத்தம் ஒண்ணுதான் சித்தப்பா, செல்லுக்குள்ள நுழையற வழிதான் வேற. தசையில குளூட்-4, அதாவது குளுக்கோஸை உள்ள விடற வாசல் புரதம். பெரும்பாலும் இன்சுலின் சொன்னாத்தான் அது செல் சவ்வுக்கே வரும். கிட்னியில ரத்தத்தை வடிகட்டற நுண்குழாய் முடிச்சுக்கு குளோமருலஸ்னு பேரு. அதைத் தாங்கிப் பிடிக்க மெசாஞ்சியல் செல்னு ஒண்ணு இருக்கு. அங்க முக்கியமா குளூட்-1ங்கற வேற வாசல். இன்சுலினைக் கேக்காது. வெளிய கூடினா உள்ளயும் கூடும்.

கதிர்: பல செல்கள் சுகர் ஏறினா குளூட்-1ஐக் குறைச்சுக்கும். மெசாஞ்சியல் செல்லுக்கு அது சரியா வராது. வம்பே அதுதான்.

பெரியக்கா: உள்ள போனது என்ன பண்ணும்?

மீனா: வழக்கமான வழியில செலவாகாத மிச்சம் பக்கவழில திரும்பும். கொஞ்சம் சார்பிட்டால்ங்கற சர்க்கரை ஆல்கஹால் ஆகும். கொஞ்சம் டிஏஜிங்கற கொழுப்புப் பொருளாகி, பிகேசிங்கற நொதியைக் கிளப்பும். அதுல டிஜிஎஃப்-பீட்டாங்கற, தழும்பை உண்டாக்கற சமிக்ஞைப் புரதம் ஏறும், செல் கொலாஜன், ஃபைப்ரோநெக்டின்ங்கற நார்ப் புரதங்களைச் சுரந்து தள்ளும். குளோமருலஸ் தடிச்சு, நுண்குழாய்க்கு இடமே இல்லாம போயிடும். டிஜிஎஃப்-பீட்டா குளூட்-1ஐ வேற இன்னும் ஏத்தும். ஒரு சுழல்.

கதிர்: 1995ல எலியோட மெசாஞ்சியல் செல்லுல குளூட்-1ஐ மட்டும் அதிகமாக்கிப் பாத்தாங்க. வெளிய சாதாரண அளவு குளுக்கோஸ் இருந்தும் கொலாஜன் ஏறுச்சு. செல்லுக்குள்ள எவ்வளவு போகுதுங்கறதுதான் கணக்கு.

சித்தப்பா: அப்ப டாபாக்ளிஃப்ளோசின்னு குடுக்கற சுகர் மாத்திரை இந்த குளூட்-1ஐத்தான் அடைக்குதா?

கதிர்: இல்ல சித்தப்பா, அது வேற இடம். ஒரு நாளைக்கு கிட்னியில ரத்தத்துலேர்ந்து சுமார் 180 லிட்டர் நீர் வடியுது, அதுல 180 கிராம் போல குளுக்கோஸ். அதுல 90 சதவீதம் போல எஸ்ஜிஎல்டி-2ங்கற இன்னொரு புரதம்தான் வடிஞ்ச நீர் போற முதல் குழாய்லயே ரத்தத்துக்குத் திரும்ப இழுக்கும். கூடவே சோடியமும் வரும். சுகர் நோயில இந்த இழுப்பு கூடும், அதனால கீழ போற உப்பு குறையும். கிட்னி அதைப் பாத்து வடிப்பு பத்தலன்னு ஏமாந்து, உள்ள வர்ற ரத்தக்குழாயை விரிக்கும். குளோமருலஸ்ல அழுத்தம் ஏறும். மாத்திரை இந்த இழுப்பைத் தடுக்கும், அந்த ரத்தக்குழாய் மறுபடி சுருங்கும்.

பெரியக்கா: மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்துல இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டற வேகத்தோட கணக்கு, கொஞ்சம் இறங்கும்னு சொல்லிடுங்க. அழுத்தம் குறைஞ்சதோட அடையாளம் அது. பயந்து நிறுத்திடறாங்க. 30 சதவீதத்துக்கு மேல இறங்கினா டாக்டர் வேற காரணம் தேடணும்.

மீனா: யூரின்ல சுகர்னு ரிப்போர்ட் வரும், அது மருந்து வேலை செய்யறதால. ஆனா வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாள்ல டாக்டரைக் கேட்டு நிறுத்தி வைக்கணும். சுகர் பெருசா ஏறாமலே, உடம்பு கொழுப்பை எரிக்கறப்ப வர்ற கீட்டோன் அமிலம் ரத்தத்துல ஆபத்தா ஏறிடலாம். ஆபரேஷன்னா 3 நாள் முன்னாடியே நிறுத்தணும்.

சித்தப்பா: டெஸ்ட் எது?

பெரியக்கா: வருஷத்துக்கு ஒரு தடவையாவது யூரின் ஏசிஆர் (கிரியேட்டினினோட ஒப்பிட்டு ஆல்புமின் புரதம் எவ்வளவு கசியுதுன்னு பாக்கறது), கூட ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்தற கழிவு). டைப் 2னா கண்டுபிடிச்ச அன்னைக்கே, டைப் 1னா 5 வருஷம் கழிச்சு ஆரம்பிக்கணும். ஏசிஆர் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல வந்தா, 3லேர்ந்து 6 மாசத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவை பாத்து, மூணுல ரெண்டு தடவை அப்படியே இருந்தாத்தான் கணக்கு. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், கடும் உடற்பயிற்சி இருக்கற நாள்ல எடுத்தா தப்பா காட்டும். காலையில முதல் யூரின் நல்லது.