அட்டையில் காலியாக இருந்த கட்டம்

பாலக்கோட்டிலிருந்து:

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வைகாசி மாதத்தில், எங்கள் பெரியப்பா மகளின் திருமணம் பாலக்கோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் உறவினர் ஒருவர் தம் நான்கு வயது மகனையும் அழைத்து வந்திருந்தார். பையனுக்குக் காய்ச்சலும் மூக்கொழுகலும் இருந்தன, கண்களும் சிவந்திருந்தன. இரவெல்லாம் பேருந்தில் வந்த அலுப்பு என்று சொல்லி மணமகள் அறையில் அவனைச் சற்று நேரம் படுக்க வைத்திருந்துவிட்டு, பந்தி முடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போன அரை மணி நேரத்தில், அதே அறையில் விரித்திருந்த அதே பாயில், என் அண்ணனின் ஏழு மாதக் குழந்தையைத் தூங்க வைத்தோம். இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை.

பதினோராம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த சில நாட்களில் காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், மார்பு, வயிறு என்று சிவந்த தடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்தவுடனே பாட்டி மணல்வாரி, அதாவது தட்டம்மை, என்று சொல்லிவிட்டார். வாசலில் வேப்பிலை செருகினார், வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார், வெளியாட்கள் எவரையும் உள்ளே விடவில்லை. (கடைசியாகச் சொன்னதை மட்டும் மருத்துவர் பிறகு மனதாரப் பாராட்டினார்.) ஆனால் அம்மா இறங்கியிருக்கும் வீட்டில் ஊசி கூடாது என்ற பேச்சில் இரண்டு நாட்கள் வீணாயின. குழந்தைக்கு மூச்சு இழுத்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள், குழந்தை பிழைத்துக்கொண்டது.

நோயாளி எழுந்து போன பிறகும் அந்தக் கிருமி மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை இருக்கும் என்றும், தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே அது பரவத் தொடங்கிவிடும் என்றும் மருத்துவர் சொன்னார். இப்படி அனுபவப்பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து, ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்:

தங்கை எழுதியதைப் படித்ததும், இருபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு புதன்கிழமை மாலை, மூன்றரை மணிக்கு மேல், செங்கல் சூளைக்குப் போகவிருந்த ஒரு தாய் பத்து மாதப் பெண் குழந்தையோடு துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். தட்டம்மைத் தடுப்பு மருந்து தூளாக இருக்கும்; அதற்கென்று கொடுக்கும் நீரில் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதி வைப்போம். காலையில் கரைத்த குப்பிக்கு நேரம் கடந்துவிட்டது. ஐஸ் பெட்டியில் புதிய குப்பி ஒன்று இருந்தது. ஒரே ஒரு குழந்தைக்காகப் பல குழந்தைகளுக்கான மருந்தைத் திறந்து வீணாக்க மனம் வராமல், அடுத்த புதன் வா என்று அனுப்பிவிட்டேன். ஒரு குழந்தைக்காகவும் திறக்கலாம் என்பதுதான் விதி. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் வரவில்லை. அடுத்த ஆண்டு ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக ஊருக்கு வந்தபோதுதான் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த தடுப்பூசி அட்டையில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சூளையில் மணல்வாரி வந்ததாகவும், தன் மகளில் தொடங்கி வரிசையாக ஐந்து குடிசைப் பிள்ளைகள் படுத்ததாகவும், குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல் சொன்னாள். ஊசி வேண்டாம் என்று மறுப்பவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நான் பார்த்தவரையில், விடுபட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் மறுத்தவர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர் வீட்டுப் பிள்ளைகள்.

ஊரில் பெரும்பாலோர் காப்புப் பெற்றிருந்தால் நோய் பரவ வழியில்லாமல் மற்றவர்களும் தப்புவார்கள். சமூக நோய் எதிர்ப்பாற்றல் எனப்படும் இதைக் கொரோனா காலத்தில் சிலர் மந்தை எதிர்ப்பாற்றல் என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை என்றாலும் அதன் கணக்கு எளிதானது. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார். 15 பேர் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் 14 பேர் காப்புப் பெற்றிருந்தாலும் நோய் இன்னும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நகரும். அதற்கும் மேலே போனால்தான் சங்கிலி அறும். 95 விழுக்காடு வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஒன்பது மாதத்தில் போடும் முதல் ஊசி நூற்றில் ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கே காப்புத் தரும். எனவே ஊரில் ஒரு குழந்தை விடாமல் முதல் ஊசி போட்டாலும் கணக்கு நேராகாது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது ஊசியைப் பலர் வெறும் பலமூட்டும் ஊசி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முதல் ஊசியில் காப்புப் பெறாத அந்தப் பதினைந்து குழந்தைகளையும் வளைத்துப் பிடிப்பதற்காகவே அது போடப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. மாவட்டத்துக்கு 95 என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். மீதி ஐந்து பேர் ஊரெங்கும் சிதறி இருந்தால் ஒன்றும் ஆகாது. ஐந்து பேரும் ஒரே சூளையில், ஒரே தகரக் கொட்டகை வரிசையில் இருந்தால் அந்த இடத்தில் விழுக்காடு பூஜ்யம். அங்கிருந்து ஒரு பேருந்து, ஒரு கல்யாண மண்டபம், ஒரு தேர்த்திருவிழா போதும். போலியோவுக்கு நாங்கள் பேருந்து நிலையத்திலும் சுங்கச்சாவடியிலும் நின்று, போகிற வருகிற பிள்ளைகளின் இடது சுண்டுவிரலைப் பார்த்து, மை இல்லாவிட்டால் இரண்டு சொட்டு ஊற்றி அனுப்பினோம். 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் யாருக்கும் நோய் வரவில்லை. தட்டம்மை ஊசிக்கோ குளிரோடு கடிகாரமும் வேண்டும், அட்டையும் வேண்டும். சாலையோரத்தில் நின்று முடிகிற வேலை இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து:

என் மகளுக்கு ஐந்து வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டது. சிகிச்சை நடக்கும் காலத்தில் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசிகளைப் போடக் கூடாது. முன்பு போட்ட ஊசியின் காப்பும் குறைந்துபோகலாம் என்றார்கள். பெங்களூருக்குப் போக வாடகைக் காருக்கு எப்போதும் பணம் இருக்காது. பேருந்தில் ஏறியவுடன் எந்தப் பிள்ளை இருமுகிறது என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. அந்த ஆண்டு மாங்கனிக் கண்காட்சிக்குப் போக வேண்டும் என்று அவள் அழுதாள்; அழைத்துச் செல்லவில்லை.

எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்றா என்று கேட்டேன். பிறர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்பது போன்ற கூச்சம். இரண்டு வீட்டார் அட்டையை எடுத்து வந்தே காட்டினார்கள். ஒருவர், "எங்க பிள்ளை, எங்க இஷ்டம்" என்று கதவைச் சாத்தினார். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மகள் இப்போது நலமாகப் பள்ளிக்குப் போகிறாள்.

தருமபுரியிலிருந்து, பள்ளி ஆசிரியர்:

நான் கதவைச் சாத்தியவர்களின் கட்சியில் இருந்தவன். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை நம்பி, முகாம் நாளன்று என் மகனை வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நிறுத்தினேன். என் வகுப்பிலும் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. அப்போது எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை மூன்றாம் மாதக் கர்ப்பமாக இருந்தார். தொடக்க மாதங்களில் ருபெல்லா தொற்றினால் கருவின் கண், காது, இதயம் பாதிக்கப்படும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். மதிய உணவு வேளையில், "சார், தம்பிக்குப் போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன். சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கைகழுவப் போனது நினைவிருக்கிறது. வதந்தியால் முகாமின் காலத்தை நீட்டித்திருந்தார்கள். அந்த நாட்களில் ஒன்றில் மகனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அந்த ஆசிரியையிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை.

பாலக்கோட்டிலிருந்து:

செவிலியர் அக்கா, ஒரு சந்தேகம். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டால் ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) நமக்குக் காப்பு உண்டா? உறவினர் பையனின் அட்டையும் பெங்களூரில் தொலைந்துவிட்டதாம்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து:

ரணஜன்னிக்கு அது கிடையாது, தங்கை. அந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவதில்லை. ஊரே போட்டுக்கொண்டாலும் உங்கள் காலில் ஆணி குத்தினால் உங்கள் ஊசிதான் உங்களைக் காக்கும். அட்டை தொலைந்ததற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். விடுபட்ட தட்டம்மை ஊசியை ஐந்து வயது வரை போடுவார்கள். பெங்களூரிலும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்தான். பையனுக்கு இந்நேரம் ஐந்து முடிந்திருக்கும்; அவன் தங்கை தம்பிகள் எத்தனை பேர், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.