நான்கு நாள் ஊட்டிக்கு 48 ஆயிரம். இனிமேல் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

ஓஎம்ஆர்வாசி:
போன மே மாதம் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஊட்டி போனோம். நீலகிரி எக்ஸ்பிரஸில் தட்கல் போட 11 மணிக்குத் தயாராக உட்கார்ந்தும் வெயிட்டிங் லிஸ்ட்தான் வந்தது, அப்புறம் வாடகைக் கார், பாதிப் பணம் அதிலேயே போனது. சரி, போன இடத்திலாவது இருந்தோமா? ரோஜா பூங்காவில் பெரியவள் கப் ஐஸோடு பக்கத்தில் நிற்கிறாள், நான் பெஞ்சில் லேப்டாப்பை விரித்து கிளையன்ட் காலில் இருக்கிறேன். ஐஸ் உருகி அவள் முழங்கைவரை வழிந்தது, துடைத்துவிட எனக்குக் கை ஒழியவில்லை. இதற்கு வீடே மேல் என்கிறேன்.

கணக்குநோட்டு:
மே மாதம் போனதுதான் தவறு நண்பரே. சீசன் கூட்டம் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் இ-பாஸே வந்தது. ஆகஸ்ட், பிப்ரவரியில் போங்கள், அறை வாடகை நன்றாக இறங்கியிருக்கும். சம்பளத்தில் எல்டிஏ (விடுமுறைப் பயணப்படி) இருந்தால் அதையும் விடாதீர்கள், நான்கு வருடத்துக்கு இரண்டு பயணத்துக்கு வரிவிலக்கு உண்டு.

அம்பத்தூர்_அம்மா:
பிப்ரவரியில் பிள்ளைக்கு ரிவிஷன் டெஸ்ட், யார் லீவு தருவார்கள் சார்? எல்டிஏ பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அதிலும் டிக்கெட் காசுக்கு மட்டும்தான், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. வீட்டிலேயே இருக்கலாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் இருந்தால் உங்களுக்கு லீவு, உங்கள் மனைவிக்கு? மூன்று வேளையும் அடுப்படி. நான்கு நாள் யாரோ சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டாரே, அவரைக் கேட்டுவிட்டா இதை எழுதினீர்கள்?

டவுன்ஹால்ரோடு:
மதுரையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் ஷட்டரை இறக்கினால் அன்றைக்கு வரும்படி இல்லை, வாடகை மட்டும் ஓடும். ஏழு வருடமாகக் குடும்பத்தோடு போனது திருச்செந்தூர் ஒன்றுதான், அதுவும் காலையில் போய் ராத்திரி திரும்பினோம். சம்பளத்தோடு லீவு கிடைக்கிற தம்பிகள் இப்படிப் புலம்புவது எனக்கு ஏற்கவில்லை.

ஓஎம்ஆர்வாசி:
அக்கா, மனைவியைக் கேட்கவில்லை, அது என் தவறுதான். அண்ணே, உங்கள் கஷ்டத்தோடு என்னுடையதை ஒப்பிடவில்லை. ஆனால் ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. அதை யாரும் சலுகையாகத் தரவில்லை. அந்த நாளிலும் வேலை வாங்கினால் அதற்குப் பெயர் லீவா?

டவுன்ஹால்ரோடு:
அப்போ போனை அணைத்துவிட வேண்டியதுதானே தம்பி?

ஓஎம்ஆர்வாசி:
அதற்கு முந்தின வருடம் அணைத்துப் பார்த்தேன் அண்ணே. அவசரத்துக்குக் கிடைப்பதில்லை என்று அப்ரைசலில் எழுதினார்கள், இன்கிரிமென்ட் பாதியாகிவிட்டது.